என்.டி.ஏ.வுக்கு மாணவரைத் தயார்செய்வது எப்படி: பதினொன்றாம் வகுப்பு சேர்க்கை முதல் எஸ்.எஸ்.பி. வரை

முப்படைகளின் வருங்கால அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும், புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் உள்ள நேஷனல் டிஃபன்ஸ் அகாடமிக்கு (என்.டி.ஏ.) பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பள்ளிகள் முதலில் செய்வது, கணக்குக்கு ஒரு தனி வகுப்பு போடுவது. எழுத்துத் தேர்வு முடிவு வந்த பிறகுதான், படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் நேர்காணல் நினைவுக்கு வரும். அதையும் தாண்டியவுடன் மெடிக்கலில் மாட்டுவார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: உடல், ஆங்கிலப் பேச்சு, அதன் பிறகு தேர்வு. ஏன் என்று போகப் போகப் புரியும்.

அமராவதிநகர் சைனிக் பள்ளி போன்ற இடங்களில் 1962 முதல் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. இந்தப் பதிவு, அப்படி எதுவும் இல்லாமல் 15, 20 மாணவர்களோடு ஒரு பிரிவைப் புதிதாகத் தொடங்கும் விடுதிப் பள்ளிகளுக்கானது.

படி 1: குரூப்பும் பிறந்த தேதியும்

பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும் நாளிலேயே பாதி விஷயம் முடிந்துவிடும். தரைப்படைக்கு எந்த குரூப் படித்திருந்தாலும் போதும். விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்க வேண்டும். கணிதம் இல்லாத அறிவியல் குரூப்பில் சேர்ந்துவிட்டு 'பைலட் ஆகணும் சார்' என்று வருபவரை என்.டி.ஏ. வழியாக அனுப்ப முடியாது.

வயது 16½ முதல் 19½ வரை. இதைத் தேர்வு நாளை வைத்துக் கணக்கிடக் கூடாது. பயிற்சி தொடங்கும் மாதத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். 2024-இன் முதல் தேர்வுக்கு 2.7.2005 முதல் 1.7.2008 வரை பிறந்தவர்கள் விண்ணப்பிக்க முடிந்தது. பயிற்சி தொடங்கியது 2025 ஜனவரியில். ஒவ்வொரு அறிவிக்கையிலும் இந்த இரண்டு தேதிகளும் அச்சாகியிருக்கும். மனக்கணக்கு போடாமல் அதைப் பாருங்கள்.

யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு நடத்துகிறது. டிசம்பரில் அறிவிக்கை வந்தால் ஏப்ரலில் தேர்வு. மே மாதத்தில் வந்தால் செப்டம்பரில். பதினொன்றில் படிப்பவர் எழுத முடியாது, பன்னிரண்டில் படிப்பவர் எழுதலாம். ஆக, முதல் வாய்ப்பு பன்னிரண்டாம் வகுப்பு செப்டம்பரில் வருகிறது. பள்ளி திறக்கும் ஜூனுக்குள் விண்ணப்பம் மூடிவிடக்கூடும். கோடை விடுமுறையில் மாணவர் ஊரில் இருப்பார், போட்டோவும் அடையாள அட்டையும் விடுதிப் பெட்டியில் இருக்கும். ஏப்ரலிலேயே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: மெடிக்கலை முதல் வாரத்திலேயே பாருங்கள்

பலரும் கடைசிக்குத் தள்ளுவது இதைத்தான். சேர்க்கை முடிந்த முதல் வாரத்தில் ஒரு மருத்துவரை அழைத்து ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும்.

நிறப் பார்வையில் தொடங்குங்கள். கண் மருத்துவமனையில், நிறங்களைப் பிரித்தறிய முடிகிறதா என்று பார்க்கும் இஷிஹாரா புத்தகம் இருக்கும். சில நிமிட வேலை. இந்தக் குறையைச் சரிசெய்ய வழி கிடையாது. இரண்டு வருடம் உழைத்த பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிந்தால், அந்தப் பிள்ளை வேறு வழி பார்க்க நேரம் இருக்கும்.

அடுத்து முழங்கால். மாணவரை நேராக நிற்கச் சொல்லி முழங்கால்கள் லேசாக ஒட்டும்படி வைத்து, கணுக்கால்களின் உள்பக்க எலும்புகளுக்கு இடையே அளவுநாடாவை வையுங்கள். 5 செ.மீ.க்கு மேல் போனால் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டிய கேஸ்.

பாதத்துக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. ஈரக்காலோடு சிமெண்ட் தரையில் நடக்கச் சொல்லுங்கள். நடுப்பகுதியில் உள்வளைவு இல்லாமல் முழுப் பாதமும் பதிந்தால் தட்டைப் பாதம் என்று சந்தேகப்படலாம். உடனே பதற வேண்டாம். நுனிக்காலில் நிற்கும்போது வளைவு எழும்பி வந்தால், அது வளைந்துகொடுக்கும் வகை. பொதுவாகத் தள்ளுபடி ஆகாது.

காது மெழுகு, அதிக எடை, மூக்குத் தண்டு வளைவு, விதைப்பை நரம்பு வீக்கம் போன்றவை சிகிச்சையில் தீரக்கூடியவை. ஆனால் மெடிக்கல் போர்டில் முதன்முறையாக வெளியே வந்தால், 'தற்காலிகத் தகுதியின்மை' என்று எழுதிவிடுவார்கள். சரிசெய்துகொண்டு மேல்முறையீட்டு போர்டின் முன் நிற்கக் கிடைப்பது 42 நாள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அந்த 42 நாள் பறந்துவிடும்.

பெற்றோரிடம் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுங்கள். கண்ணாடியைக் கழற்றுவதற்காக லேசிக் செய்துவிட வேண்டாம், என்.டி.ஏ.வுக்கு அது தகுதியிழப்பு. பச்சை குத்துவதும் வேண்டாம். முன்கையின் உள்பக்கமும் புறங்கையும் தவிர வேறு இடங்களில் இருந்தால் ஏற்க மாட்டார்கள். பழங்குடியினருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

உடற்பயிற்சிக்கு அறிவிக்கையே அளவு சொல்கிறது: 2.4 கி.மீ. ஓட்டம் 15 நிமிடத்தில், தண்டால் 20, சிட்-அப் 20, சின்-அப் 8, கயிறு ஏறுதல் 3 முதல் 4 மீட்டர். ஓட்டம் எல்லோருக்கும் வந்துவிடும். திணறுவது சின்-அப்பில். பாரில் வெறுமனே தொங்குவது, பிறகு மேலே ஏற்றிவிட்டு மெதுவாக இறங்கச் சொல்வது என்று வாரத்துக்கு மூன்று நாள் போதும். புது மாணவர்களை முதல் நாளே தார் ரோட்டில் 5 கி.மீ. ஓடவிட்டால் முழங்காலுக்குக் கீழ் எலும்பில் வலி வரும், அடுத்த மூன்று வாரம் அவர்கள் மைதானத்துக்கே வர மாட்டார்கள். மண் தரையில் 1 கி.மீ.யில் தொடங்குங்கள்.

படி 3: எழுத்துத் தேர்வை மதிப்பெண் கணக்காகப் பாருங்கள்

கணிதம் 120 கேள்வி, 300 மதிப்பெண். பொதுத் திறன் 150 கேள்வி, 600 மதிப்பெண். இதில் ஆங்கிலத்துக்கு 50 கேள்வி, 200 மதிப்பெண். மீதி பொது அறிவு. இரண்டு தாளும் ஒரே நாளில், தலா இரண்டரை மணி நேரம். தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும்: கணிதத்தில் 0.83, பொதுத் திறனில் 1.33.

2018 முதல் 2024 வரை எழுத்துத் தேர்வு கட்-ஆஃப் 900-க்கு ஏறத்தாழ 290-இலிருந்து 360-க்குள் இருந்திருக்கிறது. அதோடு ஒவ்வொரு தாளிலும் குறைந்தபட்ச விழுக்காடு ஒன்று உண்டு. அது பெரும்பாலும் 25. கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். கணிதத்தில் 60 கேள்வி மட்டும் தொட்டு 45 சரி, 15 தவறு என்றால் 100 மதிப்பெண். ஆங்கிலத்தில் 35 சரி, 9 தவறு என்றால் 128. பொது அறிவில் 60 தொட்டு 35 சரி, 25 தவறு என்றால் 106 சொச்சம். கூட்டினால் 334. கணிதத்தில் பாதிக் கேள்விகளைத் தொடவே இல்லை, ஆனாலும் கட்-ஆஃப் தாழ்ந்த வருடங்களில் கரையேறிவிடலாம். விடாமல் எல்லாவற்றையும் நிரப்பும் பொதுத்தேர்வுப் பழக்கம்தான் இங்கே ஆளைக் கவிழ்க்கிறது. கணிதத்தில் ஒரு கேள்விக்குக் கிடைப்பது 75 விநாடி. 20 விநாடியில் வழி தெரியவில்லையா, தாண்டிப் போகச் சொல்லுங்கள்.

சமச்சீர் கணிதப் புத்தகம் பெரும்பகுதியை மூடிவிடும். மூடாதவை: இரும எண் முறை பதினொன்றாம் வகுப்பு கணினி அறிவியலில் இருக்கிறது, ஒட்டுறவும் தொடர்புப் போக்கும் வணிகக் கணிதத்தில் இருக்கின்றன. திட்ட விலக்கத்துக்குப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தூசி தட்டுங்கள்.

கைடுகள், ஆப்கள் மீது எங்களுக்குப் பெரிய மரியாதை இல்லை. யு.பி.எஸ்.சி. தளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை அச்செடுத்து, ஓ.எம்.ஆர். தாளோடும் கறுப்பு பால்பாயிண்ட் பேனாவோடும், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தாள், மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தாள் என்று எழுத வையுங்கள். திரையில் குறித்துப் பழகியவர்கள் வட்டம் நிரப்ப ஆகும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ் வழி மாணவருக்குக் கணிதச் சொற்களை முதல் பருவத்திலேயே ஆங்கிலத்திலும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

படி 4: சைக்காலஜி தேர்வுகள்

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். அதற்கும் 900 மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்குச் சமம். முதல் நாள் வடிகட்டலிலேயே பெருங்கூட்டம் ஊர் திரும்பிவிடும். இரண்டாம் நாள் எழுதும் தேர்வுகளில்தான் நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள். ஆகவே இதை விரிவாகவே சொல்கிறோம்.

படக்கதைத் தேர்வில் 11 படங்களும் ஒரு வெற்றுத் தாளும் காட்டப்படும். ஒவ்வொன்றையும் 30 விநாடி பார்த்து, 4 நிமிடத்தில் ஒரு கதை எழுத வேண்டும். சொல் தேர்வில் 60 சொற்கள், சொல்லுக்கு 15 விநாடி. சூழ்நிலைத் தேர்வில் 30 நிமிடத்தில் 60 சூழ்நிலைகள். கடைசியில் தன்னைப் பற்றிய குறிப்பு, 15 நிமிடம்.

மங்கலான ஒரு படம்: ஆற்றங்கரையில் ஓர் இளைஞன், பக்கத்தில் ஒரு படகு. பயிற்சி மையத்துக் கதை இப்படிப் போகும்: ரவி என்.டி.ஏ. ஆர்வலன், படகில் தீவிரவாதிகள் வருவதைப் பார்க்கிறான், தனியாகப் பிடித்துக்கொடுக்கிறான், ஜனாதிபதி பதக்கம் தருகிறார். இதே ரவி அடுத்த படத்தில் தீயணைப்பான், அதற்கடுத்த படத்தில் ரயிலை நிறுத்துவான். பன்னிரண்டையும் சேர்த்துப் படிக்கும் உளவியலாளருக்கு எழுதியவரைப் பற்றி எதுவுமே தெரியவராது, மனப்பாடம் என்பது மட்டும் தெரியும்.

அதே படத்துக்கு வேறொரு கதை: மழைக்காலத்தில் பள்ளிக்குப் போகும் பாலம் மூழ்குகிறது, மீனவரின் மகன் குமார் மாமாவின் படகைக் கேட்டு வாங்கி, ஓட்டையை அடைத்து, நான்கு நண்பர்களோடு முறை வைத்துக் காலையும் மாலையும் பிள்ளைகளை அக்கரை சேர்க்கிறான், ஊராட்சியில் மனு கொடுத்துத் தற்காலிக மரப்பாலம் வருகிறது. யார், என்ன தேவை, என்ன செய்தான், யாரைச் சேர்த்துக்கொண்டான், எப்படி முடிந்தது என எல்லாம் வந்துவிட்டது. செயல்களும் ஒரு பதினேழு வயதுக்காரனால் முடிகிறவை.

சொல் தேர்விலும் இதே வியாதி. 'தோல்வி' என்று வந்தால் 'தோல்வியே வெற்றிக்கு முதல் படி' என்று ஐம்பது பேர் எழுதுவார்கள். 'தோற்ற அணி மறுநாளே பயிற்சிக்கு வந்தது' என்று எழுதினால் அது அந்த மாணவருடைய வாக்கியம். ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும் என்பதால், தமிழில் யோசித்து மொழிபெயர்த்தால் 15 விநாடி போதாது. தினமும் இரவு 20 சொற்கள், ஃபோனில் டைமர், ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆறு மாதத்தில் கை பழகிவிடும். இலக்கணப் பிழையைச் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். அடித்தால் பிள்ளை பயந்து பாதுகாப்பான மனப்பாட வாக்கியத்துக்கே திரும்பிவிடும்.

நேர்காணல் முழுக்க பி.ஐ.க்யூ. என்ற தகவல் படிவத்தைச் சுற்றியே நடக்கும். பொழுதுபோக்கு 'புத்தக வாசிப்பு' என்று எழுதினால் கடைசியாகப் படித்த மூன்று புத்தகங்களைப் பற்றிப் பேசத் தெரிய வேண்டும். மாட்டைப் பராமரிப்பது உண்மை என்றால் அதையே எழுதட்டும்.

படி 5: மைதானம்

எஸ்.எஸ்.பி.யின் மைதானத் தேர்வில் தனிநபர் தடைகள் 10. தடையைப் பொறுத்து ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண். நேரம் 3 நிமிடம். உயரம் கண்டு தயங்காமல் இருக்க, பள்ளியில் ஒரு மணல் குழியும் ஒரு கயிறும் இருந்தால் போதும். குழுப் பணிகளுக்குப் பலகை, கட்டை, கயிறு, இரண்டு டிரம் போதுமானது. சத்தமாகப் பேசுபவர்தான் தலைவர் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள். வேலை செய்யும் யோசனை சொல்பவரையும், பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பவரையும் சேர்த்துத்தான் அங்கே கவனிக்கிறார்கள்.

பின்சேர்க்கை: கருத்துப் பகுதியில் வந்த கேள்விகளுக்காக

எழுத்துத் தேர்வில் தேறியும் எஸ்.எஸ்.பி. அழைப்பு வரவில்லை என்று எழுதியவர்களுக்கு: முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் 'ஜாயின் இந்தியன் ஆர்மி' தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். யு.பி.எஸ்.சி.யில் விண்ணப்பித்தது இதற்குப் போதாது. முன்பே பதிவு செய்தவர்கள் மறுபடி செய்ய வேண்டியதில்லை.

பெண்கள் எழுதலாமா? எழுதலாம். 2021-இல் உச்ச நீதிமன்ற இடைக்கால உத்தரவுக்குப் பின் வழி திறந்தது. 2022-இல் முதல் பெண்கள் அணி சேர்ந்து, 2025-இல் பயிற்சி முடித்தது. பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. உடல் அளவுகள் வேறு, அறிவிக்கையின் பின்னிணைப்பில் தனியாக இருக்கும்.

பரங்கிமலை அகாடமிக்கு இதே தேர்வா? இல்லை. அது ஆஃபீசர்ஸ் ட்ரெயினிங் அகாடமி. பட்டப்படிப்புக்குப் பின் வேறு தேர்வுகள் வழியாக அங்கே போகலாம்.

விமானப்படையின் பறக்கும் பிரிவைக் குறிப்பவர்கள் கவனிக்க: அங்கே கணினி வழியான பைலட் தேர்வில் ஒருமுறை தோற்றால் மறுவாய்ப்பு கிடையாது. மாணவர் இன்னும் பதற்றத்தோடு இருக்கிறார் என்று தோன்றினால், விருப்ப வரிசையை நிரப்பும் முன் பெற்றோரையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்.