சீனத்தின் 'ஷென்' எழுத்து: அந்த மரம் மரமே இல்லை

ஆழத்தைக் குறிக்கும் சீன எழுத்துக்கு (深) மாண்டரினில் ஷென் என்று பெயர். சீனம் படிக்கத் தொடங்கிய பலர் இதைப் பிரித்துப் பார்த்து உடனே ஒரு கதை கட்டிவிடுகிறார்கள்: இடப்பக்கம் மூன்று துளி, அதாவது நீர், வலப்பக்கம் மேலே ஒரு மூடி, அடியில் மரம், ஆக, மரமே மூழ்கிப்போகும் அளவுக்குத் தண்ணீர். மனப்பாடம் செய்ய உதவும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுத்து அப்படிப் பிறந்தது என்று யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

நீர் சரிதான், சிக்கல் வலப்பக்கத்தில். பழைய வடிவங்களில் அங்கே இருப்பது ஒரு குகை அல்லது பொந்து, அதற்குள் ஒரு கை. இருட்டுக்குள் கையை விட்டுத் துழாவுவது என்பதுதான் பரவலான விளக்கம். காலப்போக்கில் எழுத்து மாறி மாறி, கை இருந்த இடம் மரம் போல ஆகிவிட்டது, குகையின் உச்சியில் இருந்த புள்ளியும் போய்விட்டது. அந்தப் புள்ளி விட்டுப்போனது என்று நினைத்துத் தாங்களே சேர்த்துவிடுபவர்கள் உண்டு. வேண்டாம், மொத்தம் 11 கோடுகள்தான். மூன்று துளியை எடுத்துவிட்டு அங்கே கையைக் குறிக்கும் பகுதியை வைத்தால் 'தேடு, ஆராய்' என்ற பொருளில் 'தான்' (探) என்ற இன்னொரு எழுத்து கிடைக்கும். குகைக் கதையை நம்ப இது ஒன்றே போதும் என்பேன்.

'ஷென்', 'தான்' இரண்டும் ஒலியில் ஒட்டவே இல்லையே என்று தோன்றலாம். மாண்டரினை மட்டும் வைத்து முடிவு கட்டுவதுதான் இங்கே தவறு. தென் சீனத்தில் பேசப்படும் கான்டனீஸில் இவை சம், தாம். பழைய மகர ஈறு அங்கே இன்னும் பிழைத்திருக்கிறது, உறவும் உடனே தெரிகிறது.

அப்புறம் ஆற்றுக் கதை. கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் என்ற அறிஞர் தொகுத்த புகழ்பெற்ற அகராதி இந்த எழுத்தை ஓர் ஆற்றின் பெயர் என்கிறது. உடனே 'மூலப்பொருள் ஆறுதான்' என்று தாவிவிடக் கூடாது, ஏனென்றால் வலப்பக்கப் பாதியைத் தனி எழுத்தாக எடுத்து அதற்கு 'ஆழம்' என்று பொருள் சொல்வதும் அதே அகராதிதான்.

பயன்பாட்டில் வரும் தவறுகள் வேறு வகை. அடர் நீலத்துக்கு ஷென் வரும், நள்ளிரவு தாண்டிய நேரத்துக்கு வரும், முடியப்போகும் இலையுதிர் காலத்துக்கும் வரும்; 757இல் சீனக் கவிஞர் து ஃபூ எழுதிய கவிதையில் பாழ்பட்ட தலைநகரில் புல்லும் மரமும் ஷென் என்று வருவது, அடர்ந்து மண்டிக் கிடக்கிறது என்ற பொருளில். இவ்வளவு தாராளமான எழுத்தா என்று தேநீருக்கும் போட்டுவிடாதீர்கள்! கெட்டித் தேநீருக்கு நோங் என்ற வேறு சொல் இருக்கிறது. ஷென்சென் நகரத்தின் பெயரையும் ஆழ்கடலோடு முடிச்சுப் போட வேண்டாம், அங்கே இரண்டாவது எழுத்து வயல்களுக்கு இடையே ஓடும் வாய்க்கால். ஆழமான வாய்க்கால், அவ்வளவுதான்.

கடைசியாகத் தொனி, அதாவது பொருளையே மாற்றிவிடும் குரல் ஏற்ற இறக்கம். ஷென் முதல் தொனி, உயர்த்திச் சமமாக இழுக்க வேண்டும். இரண்டாம் தொனியில் ஏற்றிச் சொன்னால் கடவுள், நான்காம் தொனியில் இறக்கிச் சொன்னால் சிறுநீரகம்.