532 என்ற வித்தியாசம் காட்டிக்கொடுத்த பிழை

எல்எச்சி என்ற பெரிய துகள் மோதுவியில் உள்ள எங்கள் டிடெக்டரில், விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைப் பதிவு செய்யும் ரன்களில், ஒரு ரீடவுட் போர்டின் (சிக்னல்களைப் படித்து அனுப்பும் மின்னணு அட்டை) தரவு மட்டும் அவ்வப்போது மற்றவற்றோடு பொருந்தவில்லை. பல போர்டுகள் அனுப்பும் துண்டுகளைச் சேர்த்து ஒரே நிகழ்வாக்குவது ஈவென்ட் பில்டரின் வேலை. துண்டுகளிலுள்ள பஞ்ச் எண்கள் (நிகழ்வு நடந்தது மோதுவிச் சுற்றின் எத்தனையாவது இடத்தில் என்று சொல்பவை) ஒத்துப்போகாவிட்டால் அந்த நிகழ்வைப் பிழையென ஒதுக்கிவிடும். ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவுதான், ஆனால் நிற்கவே இல்லை. புரோட்டான்கள் மோதும் ரன்களில் கிட்டத்தட்ட வரவே வராது.

ஃபைபரை மாற்றினோம், போர்டையே மாற்றினோம், பலனில்லை. நெட்வொர்க் சுவிட்சில் எந்தப் பாக்கெட்டும் தொலையவில்லை. ட்ரிக்கர் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை நிகழ்வுகளைப் பதிவு செய்கிறோம் என்பதை, குறைத்தும் பிழையின் விகிதம் அப்படியே இருந்ததால், பஃபர் (தற்காலிக நினைவகம்) நிரம்புவது காரணமில்லை என்று தெரிந்தது.

அப்புறம் பிழையான நிகழ்வுகளை மட்டும் பிரித்து பஞ்ச் எண்களை அச்சிட்டுப் பார்த்தேன். மற்ற போர்டுகளில் 3561, 3562, 3563. இதில் 4093, 4094, 4095. எப்போதும் 532 வித்தியாசம்.

எல்எச்சியின் ஒரு சுற்றில் 25 நானோசெகண்டுக்கு ஒன்றாக 3564 இடங்கள். எண்கள் 0 முதல் 3563 வரைதான். கேபிள் தாமதத்தை ஈடுகட்ட இந்த போர்டின் ஃபர்ம்வேர் (அதன் சிப்பில் ஓடும் நிரல்) 3 கழிக்கிறது. 0-இல் 3 கழித்தால் 3561 வரவேண்டும்; 0 முதல் 4095 வரை சுழலும் 12 பிட் கணக்கில் 4093 வந்திருக்கிறது. 4096-இல் 3564 போனால் அதே 532!

சுற்றின் அந்தக் கடைசிப் பகுதி, பீமை வெளியேற்றும் காந்தங்கள் இயங்குவதற்காகக் காலியாக விடப்படும் இடைவெளி. அங்கே மோதல் நடக்காது; காஸ்மிக் கதிர்களோ எப்போது வேண்டுமானாலும் வரும். மோதல் ரன்களில் பிழை ஒளிந்திருந்தது அதனால்தான்.

விடை எதிர்மறையானால் 3564 கூட்டும்படி ஃபர்ம்வேரைத் திருத்தினோம். அடுத்த ரன்னில் பிழைக் கவுண்டர் பூஜ்யத்திலேயே நின்றது. பெரிய நிம்மதி.