பழைய மஷெட்டி வாங்குறவங்க ஸ்டீல் விஷயத்துல பண்ற தப்புங்க

துரு எடுக்குறது, எண்ணெய் தடவுறதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்க. புதுசா மஷெட்டி (புதர், கரும்பு வெட்டுற நீளமான கத்தி) சேர்க்க ஆரம்பிக்குறவங்க நாங்கல்லாம் விழுந்த அதே குழியில வரிசையா வந்து விழுறாங்க, அதான் இது.

அரம் கடிச்சா இரும்பு மட்டம்னு முடிவு பண்றது

இதை நினைச்சாலே இன்னும் எரிச்சலா வருது. கிச்சன் கத்திக்கு ராக்வெல் (இரும்போட கடினத்தை அளக்குற எண்) 58, 60ன்னு படிச்சுட்டு வந்து அதையே இங்கயும் தேடுறாங்க. மஷெட்டி பொதுவா 45லேர்ந்து 52, 53க்குள்ளதான் இருக்கும், அப்படித்தான் இருக்கணும். வேலை நடுவுல அரத்தாலயே தீட்டிட்டுத் தொடரணும், கல்லுல பட்டா வெட்டுற வாய் மடங்கலாம், உடையக் கூடாது. அரம் 60க்கு மேல, அப்போ கடிக்காம என்ன செய்யும்?

தெரிஞ்ச பையன் ஒருத்தன், கையில நல்ல காலின்ஸ், பழைய அமெரிக்க கம்பெனி மஷெட்டி. அரம் போட்டான், பொடி கொட்டுச்சு, "பதமே இல்லண்ணே"ன்னு உலையில செக்கச்செவேல்னு காய்ச்சி எண்ணெய்ல முக்கிட்டான். ரெண்டு மூணு மில்லிமீட்டர் தகடு நேராவா வரும், நெளிஞ்சு வந்துச்சு. முக்கினப்புறம் திரும்ப மிதமா சூடு காட்டி பதத்தை இறக்கணும், அதையும் செய்யல. காஞ்ச கட்டையில ஒரே வெட்டு, வாயில பிறை மாதிரி ஒரு துண்டு தெறிச்சுது, கண்ணுல படாதது அவன் அதிர்ஷ்டம். மேல்தோல்ல இருந்த கார்பன் எரிஞ்சு, செதில் உரிஞ்சு, கம்பெனி முத்திரையும் மங்கிப்போச்சு. காசு கொடுத்ததே அந்த முத்திரைக்குத்தான்யா!

சந்தேகமா இருந்தா மெதுவா வளைச்சு விடுங்க, நேரா திரும்பி வந்தா பதம் இருக்கு. உலைப்பக்கமே போகாதீங்க.

முத்திரையைப் பார்த்து கிரேடு சொல்றது

காலின்ஸ் 1826ல கனெக்டிகட்ல ஆரம்பிச்சு 1966ல மூடின கம்பெனி. அத்தனை வருஷமும் ஒரே இரும்பையா வாங்கியிருப்பாங்க? இன்னைக்கு 1075, 1095ன்னு சொல்ற ஸ்டீல் கிரேடு நம்பரை அதுமேல ஒட்டாதீங்க. ஸ்பார்க் டெஸ்ட்டும் (கிரைண்டர்ல வெச்சு தீப்பொறியைப் பாக்குறது) பெரும்பாலும் கார்பன் கூடவா குறைவான்னுதான் காட்டும், கிரேடு நம்பரைச் சொல்லாது. (ஃபேக்டரி காலின்ஸ்வில்ங்கிற ஊர்ல இருந்தாலும் முத்திரையில ஹார்ட்ஃபோர்ட்னுதான் இருக்கும், அதை வெச்சு போலின்னு தூக்கிப் போட்டுடாதீங்க.)

கிரைண்டர்ல நீலம் வந்ததும் அழுறது

கிரைண்டர் சூட்டுல இரும்பு நீலமாச்சுன்னா சுமார் 300 டிகிரி செல்சியஸ். மஷெட்டிக்கு பெரும்பாலும் அதுக்கு மேலதான் பதம் இறக்கியிருப்பாங்க. நீலம் தாண்டி சாம்பல் நிறமாச்சுன்னா கவலைப்படுங்க.

துருப்பிடிக்காததுதான் உசத்தின்னு தேடுறது

தேடாதீங்க.

ஒரே இடத்துல அரம் போட்டுப் பாக்குறது

பிடி பக்கம், நடு, நுனி மூணுலயும் லேசா போடுங்க. எங்கயாவது ஒரு இடம் மட்டும் கொழகொழன்னு கடிச்சா, எவனோ அதை ஏற்கனவே தீயில வாட்டியிருக்கான்.