இணையத்தில் வாங்கியதைக் கடைக்கு வந்து பெறுவது: மும்பை விற்பனையாளருக்கும் வாங்குவோருக்கும் ஒரு வழிகாட்டி

மும்பையில் சிறு அளவில் இணையச் சந்தைகளில் விற்பனை செய்யும் தமிழர்கள் பலர், கூரியர் செலவைத் தவிர்ப்பதற்காக ஸ்டோர் பிக்கப் வசதியைத் திறந்து வைக்கிறார்கள். டெலிவரி என்ற வேலையே ஒழிந்தது என்னும் எண்ணத்தோடு அதைத் திறப்பதால்தான் பெரும்பாலான தகராறுகள் வருகின்றன. கடையில் வைத்து ஒப்படைப்பதும் ஒரு டெலிவரிதான். எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாரிடம், எந்த நிலையில் பொருள் கொடுக்கப்பட்டது என்பதைக் கூரியர் நிறுவனம் தன் பழக்கப்படி பதிவு செய்துவிடும். நாமே கொடுக்கும்போது அந்தப் பதிவை நாம்தான் வைத்திருக்க வேண்டும். இந்த நான்கையும் முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைத்தவருக்கு இந்த வசதி உண்மையிலேயே லாபம் தரும்.

எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தாது. கால் கிலோ காப்பித்தூளுக்காக முலுண்டிலிருந்து ஒருவர் மாட்டுங்காவுக்கு ரயில் ஏறி வரமாட்டார். அதை அனுப்பிவிடுவதே இருவருக்கும் நல்லது. கொலு பொம்மையின் கதை வேறு. பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து ஓர் எடையைக் கணக்கிட்டு, உண்மையான எடையைவிட அது கூடுதலாக இருந்தால் அதற்கே கட்டணம் வாங்குகின்றன. உடையாமல் இருக்க வைக்கோலும் காகிதமும் திணித்த 50, 40, 40 செ.மீ. அளவுள்ள பெட்டிக்கு இந்தக் கணக்கில் 16 கிலோ வரும். உள்ளே இருக்கும் தசாவதார செட் நான்கு கிலோகூட இருக்காது. அதோடு, கை உடைந்த மண் பொம்மையைத் திருப்பி அனுப்பும் செலவும் மனக்கசப்பும் சேரும். இத்தகைய பொருளுக்கு நேரில் பெறுவதை முதல் தேர்வாகவே காட்டலாம். தாராவித் தோல் பைகளும் அப்படித்தான்: தோலைத் தொட்டுப் பார்த்து, ஜிப்பை இழுத்துப் பார்த்து எடுத்துச் சென்றவர் அதைத் திருப்பிக் கொண்டுவருவது அரிது.

இடமும் நேரமும்

முகவரி எழுதுவதில்தான் அதிகக் கவனம் தேவைப்படுகிறது. மாட்டுங்கா என்று மட்டும் எழுதினால் வருபவர் எங்கே இறங்குவார் என்று சொல்ல முடியாது. மாட்டுங்கா நிலையம் சென்ட்ரல் லைனிலும், மாட்டுங்கா ரோடு நிலையம் வெஸ்டர்ன் லைனிலும், கிங்ஸ் சர்க்கிள் நிலையம் ஹார்பர் லைனிலும் இருக்கின்றன. பந்த்ராவிலிருந்து வருபவருக்கும் செம்பூரிலிருந்து வருபவருக்கும் தனித்தனியாக வழி சொல்ல வேண்டும். எந்த லைனில் எந்த நிலையம், எந்தப் பக்கம் வெளியேற வேண்டும், அங்கிருந்து கண்ணில் படும் அடையாளம் எது என்று மூன்று வரிகளில் எழுதி, ஆர்டர் உறுதியாகும் செய்தியிலேயே அதை வைத்துவிடுங்கள். தாராவியில் பட்டறை வைத்திருப்பவர்கள் வரைபடக் குறியைச் சந்துக்குள் இருக்கும் பட்டறையின்மேல் வைக்காமல், 60 அடிச் சாலையிலோ 90 அடிச் சாலையிலோ வண்டி நிற்கக்கூடிய ஓர் இடத்தில் வைத்து, அங்கிருந்து அழைக்கச் சொல்வது நல்லது. 2025 மே மாதம் முதல் மூன்றாம் மெட்ரோ தடத்தில் தாராவி நிலையமும் இயங்குவதால், சயான், மாஹிம் நிலையங்களோடு அதையும் குறிப்பிடலாம்.

கடையின் பெயரும் ஒத்துப்போக வேண்டும். சந்தைச் செயலியில் ஒரு நிறுவனப் பெயரும் பலகையில் குடும்பத்தின் பழைய பெயரும் இருந்தால், வாங்குபவர் வாசலிலேயே நின்று தேடுவார். மகாராஷ்டிரத்தில் கடைப் பலகையில் மராத்தியில், தேவநாகரி எழுத்தில் பெயர் இருப்பது சட்டப்படி கட்டாயம். எனவே, பலகையில் எழுதியிருப்பதை அப்படியே புகைப்படம் எடுத்து ஆர்டர் செய்தியோடு அனுப்பினால் யாருக்கும் குழப்பம் வராது.

நேரத்தைப் பொறுத்தவரை, கடை திறந்திருக்கும் நேரம் வேறு, பிக்கப் நேரம் வேறு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மாலை 7 முதல் 9 வரை கடையில் நேரடி வாடிக்கையாளர் கூட்டம் இருக்குமானால், அந்த இரண்டு மணி நேரத்தில் இத்தனை பிக்கப்தான் என்று வரம்பு வையுங்கள். வரம்பு நிறைந்ததும் அடுத்த நேரத்தை மட்டுமே செயலி காட்டும்படி அமைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் வசதியான நாளாகத் தோன்றினாலும், புறநகர் ரயில் பாதைகளில் மெகா பிளாக் எனப்படும், பராமரிப்புப் பணிக்கான ரயில் நிறுத்தம் பெரும்பாலும் அன்றுதான் வருகிறது; டோம்பிவிலியிலிருந்து வருபவர் குறித்த நேரத்தில் வந்து சேர்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை இன்னும் தாராளம் தேவை. கிங்ஸ் சர்க்கிள், ஹிந்துமாதா, சயான் பகுதிகளில் தண்ணீர் தேங்கும் நாள்களில் யாரும் வரவேண்டாம் என்று காலையிலேயே செய்தி அனுப்பி, பொருளை எடுப்பதற்கான கெடுவைத் தானாகவே ஒரு நாள் நீட்டுகிற கடைக்காரரை மக்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

செயலியில் அமைப்பது

சொந்தத் தளம் வைத்திருப்பவர்களுக்கு, இணையக் கடை அமைக்கும் மென்பொருள்களில், ஊக்காமர்ஸில் லோக்கல் பிக்கப் என்ற தேர்வும், ஷாப்பிஃபையில் ஒவ்வொரு கடை இடத்துக்கும் தனியாகப் பிக்கப்பைத் திறக்கும் வசதியும் உள்ளன. பல செயலிகளின் விற்பவர்களையும் வாங்குபவர்களையும் இணைக்கும், அரசு ஆதரவு பெற்ற ஓஎன்டிசி வலையமைப்பிலும் வாங்குபவரே வந்து எடுத்துக்கொள்ளும் முறைக்கு இடம் உண்டு. அதை விற்பனையாளர் பயன்படுத்தும் செயலி ஆதரிக்கிறதா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பல விற்பனையாளர்கள் சேர்ந்து விற்கும் சந்தையை நடத்துபவர் ஒன்றை மறக்கக்கூடாது. ஒரே கூடையில் மாட்டுங்காவிலிருந்து ஒரு பட்டுப்புடவையும் தாராவியிலிருந்து ஒரு கைப்பையும் இருந்தால், ஒவ்வொரு விற்பனையாளருக்கும் தனித்தனியாக இடமும் நேரமும் தேர்வு செய்யும்படி பணம் செலுத்தும் பக்கம் இருக்க வேண்டும். ஒன்றை வீட்டுக்கு வரவழைத்து மற்றொன்றை நேரில் எடுக்கவும் வழி இருக்க வேண்டும். மொத்தக் கூடைக்கும் ஒரே தேர்வு என்று வைத்தால் வாங்குபவர் பாதியிலேயே விலகிவிடுவார்.

ஆர்டர் வந்தவுடன் அந்தப் பொருளை அலமாரியிலிருந்து எடுத்து, எண் எழுதித் தனியாக வையுங்கள். ஒரே ஒரு புடவை இருக்கும் நிறத்தை இணையத்திலும் விற்று, அதே மாலையில் கடைக்கு வந்தவரிடமும் விற்றுவிட்டால், ரயில் ஏறி வந்தவருக்குச் சொல்ல எந்தச் சமாதானமும் இருக்காது. பொருளைத் தனியே எடுத்து, பழுது ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, பில்லை மடித்துப் பையில் போட்ட பிறகுதான் தயார் என்ற செய்தி போக வேண்டும். அச்செய்தி இப்படி இருக்கலாம் (இதில் வரும் பிக்கப் குறியீடு, பொருளைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக வாங்குபவர் கடையில் சொல்லும் எண்): “ஆர்டர் எண் 4127 தயாராக உள்ளது. வியாழன் முதல் சனி வரை, காலை 11 முதல் மாலை 7 வரை பெற்றுக்கொள்ளலாம். இந்தச் செய்தியையும் பிக்கப் குறியீட்டையும் கொண்டுவரவும். பொருளைப் பார்த்துச் சரி என்று உறுதி செய்த பிறகு மட்டும் குறியீட்டைச் சொல்லவும். வேறொருவரை அனுப்புவதாக இருந்தால் அவர் பெயரை முன்னதாகத் தெரிவிக்கவும்.” தமிழ் தெரியாத வாடிக்கையாளரே அதிகம் என்பதால் இதை இந்தியிலும் மராத்தியிலும் தயாராக வைத்திருங்கள்.

மகாராஷ்டிரத்தில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு 2018 முதல் தடை இருப்பதால், பொருளை எதில் கொடுக்கப் போகிறீர்கள், பைக்குத் தனியாகக் காசு உண்டா என்பதையும் இதே செய்தியில் சொல்லிவிடலாம்.

கொடுக்கும்போது

இங்கே வரிசை முக்கியம். முதலில் ஆர்டர் எண், அடுத்துப் பொருளைப் பிரித்துக் காட்டுவது, அதன் பிறகே குறியீடு. கூட்டம் இருக்கிறது என்பதற்காகக் குறியீட்டை முதலில் வாங்கிப் பதிந்துவிட்டுப் பெட்டியைக் கொடுக்கும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. வாங்குபவர்கள் அதற்கு இணங்க வேண்டியதில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 41ஆம் பிரிவில், முன்பு பார்த்திராத பொருளைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும்வரை வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக்கூடாது என்று சொல்கிறது. பொம்மையென்றால் விரல் நுனி, கிரீடம், அடித்தட்டு. புடவையென்றால் முந்தானையும் மடிப்பு ஓரங்களும். மின்சாதனமென்றால் ஒரு முறை இயக்கிப் பார்ப்பது. இதற்காகக் கடையில் நல்ல வெளிச்சத்தில் ஒரு சிறு மேசை போடுவது மிகச் சிறந்த முதலீடு என்று நான் நினைக்கிறேன்.

கடையில் பணம் வாங்குவதாக இருந்தால், வாடிக்கையாளரின் திரையில் தெரியும் பச்சைக் குறியை நம்பாமல், உங்கள் செல்பேசியிலோ ஒலிப்பெட்டியிலோ பணம் வந்ததை உறுதி செய்யுங்கள். திருவிழாக் காலத்தில் பெரிய பொருள்களுக்கு ஒரு பகுதி முன்பணம் வாங்குவது தவறில்லை. அது எந்த நிலையில் திரும்பத் தரப்படும் என்பதை மட்டும் ஆர்டருக்கு முன்பே எழுதிக் காட்ட வேண்டும். இணையச் சந்தை வழியாக வந்த ஆர்டரை ரத்து செய்துவிட்டுக் கடையில் ரொக்கமாகக் கொடுங்கள், விலை குறைத்துத் தருகிறேன் என்று சொல்வது இருவருக்கும் கெடுதல். வாங்குபவருக்குச் சந்தையின் பாதுகாப்பு போய்விடும். விற்பவரின் ரத்து விகிதம் ஏறிச் சந்தையில் அவருடைய மதிப்பு இறங்கும். விற்பனைப் பணத்தைச் சந்தையே வசூலிக்கும்போது ஜிஎஸ்டி சட்டப்படி அது பிடித்துச் செலுத்தும் தொகை 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம்தான், அதுவும் விற்பவரின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. அதை மிச்சம் பிடிப்பதற்காக நற்பெயரை இழப்பது அறிவுடைமையாகாது.

வாங்குபவர் தானே வராமல், பார்சல் எடுத்துச் செல்லும் இருசக்கர ஓட்டுநரை அனுப்புவது இப்போது பெருகிவருகிறது. அப்போது பரிசோதிக்க ஆள் இல்லை. ஆகவே, கட்டுவதற்கு முன் பொருளையும், கட்டிய பின் பெட்டியையும், வண்டி எண்ணோடு ஓட்டுநரிடம் கொடுப்பதையும் படம் எடுத்து உடனே வாங்குபவருக்கு அனுப்ப வேண்டும். வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதைப் பொருளின் இணையப் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டால் பிறகு வாக்குவாதம் இல்லை. ஓட்டுநரை வாங்குபவரே அமர்த்தினால் கடை வாசலோடு விற்பவரின் பொறுப்பு முடிகிறது என்று எழுதுவது நியாயமான ஏற்பாடாகவே எனக்குப் படுகிறது.

வராதவர்களும் திரும்ப வருபவர்களும்

பணம் கட்டிய ஒருவர் வராமலே இருந்தால் என்ன செய்வது? மேற்சொன்ன சரக்கு விற்பனைச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, விற்பவர் கொடுக்கத் தயாராக இருந்து, எடுத்துக்கொள்ளும்படி கேட்டும், வாங்குபவர் நியாயமான காலத்துக்குள் எடுக்கவில்லையென்றால், அதனால் வந்த இழப்பையும் பாதுகாத்து வைத்ததற்கு நியாயமான கட்டணத்தையும் கேட்க முடியும். எனினும், சிறு கடைக்கு அந்த அளவுக்குப் போவது பயன் தராது. ஆடை, பை, பொம்மை போன்றவற்றை ஏழு நாள் வைத்திருப்பது, மூன்றாம் நாளும் ஆறாம் நாளும் நினைவூட்டுவது, அதன் பிறகு ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்புவது என்பது போதும். முறுக்கு, சீடை போன்ற பலகாரங்களுக்கும் அரைத்த மாவுக்கும் கெடு அதே நாளோடு முடிய வேண்டும். அதைப் பொருளின் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் காட்டுங்கள்.

கடைக்கு வந்து பார்த்து எடுத்ததால் திருப்பித் தர முடியாது என்று பலகை மாட்டினால் மட்டும் போதாது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, சந்தையில் விற்பவர் பழுதான, போலியான, அல்லது விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப ஏற்க மறுக்கக்கூடாது. நேரில் எடுத்ததைத் தபாலில் திருப்பலாமா, கடைக்கே கொண்டுவர வேண்டுமா என்பதையும் முன்பே சொல்ல வேண்டும். விற்பனைக்கான சம்மதக் கட்டத்தில் முன்கூட்டியே குறியிட்டு வைப்பதையும் அவ்விதிகள் தடுக்கின்றன.

தனிநபரிடமிருந்து வாங்கும்போது

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், ஓஎல்எக்ஸ் போன்றவற்றில் எதிரில் இருப்பது கடை அன்று. ஃபேஸ்புக்கில் பொது இடத்தில் சந்திப்பது, வாசலில் வந்து எடுப்பது, வாசலில் கொண்டுவந்து கொடுப்பது என்ற தேர்வுகள் உண்டு. முன்பின் அறியாதவரென்றால் முதலாவதையே தேர்ந்தெடுங்கள். பகல் நேரத்தில், ஆள் நடமாட்டமும் கேமராவும் உள்ள ரயில் நிலைய டிக்கெட் கவுன்டர் அருகில் சந்திப்பது இரு தரப்புக்கும் வசதி. பெண்கள் தனியாகச் செல்ல நேர்ந்தால் வீட்டில் ஒருவருக்கு நேரலை இருப்பிடத்தை அனுப்பிவிட்டுச் செல்லலாம். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எண்ணை இட வேண்டிய தேவையே இல்லை. முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின்னை இடுங்கள் என்று விற்பவரிடம் ஒருவர் சொன்னால் அது ஏமாற்று. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

பொருளில் குறை என்றால் வழி வேறு. முதலில் சந்தையின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாக அவர் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதற்கும் பயனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தயார் என்று வந்த செய்தி, பில், கடையில் எடுத்த புகைப்படம், குறியீடு பதிந்த நேரம் ஆகியவற்றைப் புகாரோடு இணைத்து அனுப்புங்கள்.