மலை உச்சிக் காட்டுக்கு ஒரு மரப் பதிவேடு

இலங்கையின் தேயிலை மலைகளுக்கு மேலே, பீலிக்கு (குடிதண்ணீர்க் குழாய்க்கு) வரும் தண்ணீர் ஊறும் இடத்தில் மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகள் ஒரே நாளில் அழிவதில்லை. இன்று ஒரு மரம், அடுத்த மாதம் இன்னொன்று. எத்தனை நின்றது என்று எழுதி வைக்காத இடத்தில் எத்தனை போனது என்று முறையிடவும் முடியாது.

நிலம் வன பாதுகாப்புத் திணைக்களத்துடையதா, வனசீவராசிகள் திணைக்களத்துடையதா, தோட்டக் கம்பெனியுடையதா என்று கிராம உத்தியோகத்தரிடம் விசாரித்து, உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

தையல் டேப், எனாமல் பெயின்ட், கொப்பி, 1.3 மீட்டர் நீளக் குச்சி போதும். சரிவின் மேட்டுப் பக்கம் நின்று குச்சியை மரத்தோடு நிறுத்தி, அதன் நுனி மட்டத்தில் சுற்றளவு எடுங்கள். பள்ளப் பக்கம் நின்றால் டேப் அடிமரத்தின் தடித்த பகுதியில் விழும், கணக்கு ஏறிவிடும். பாசிக்கும் கொடிக்கும் அடியால் டேப்பை நுழைத்துவிடுங்கள். பாசியை உரிக்க வேண்டாம், பனிமூட்டத்தின் ஈரத்தைப் பிடித்து வைப்பது அதுதான். அளந்த மட்டத்தில் பெயின்ட் கோடும் இலக்கமும் போடுங்கள். ஆணி அடித்தால் அந்தத் துளையில் அழுகல் தொடங்கலாம்.

மரம் எவ்வளவு காபனைப் பிடித்து வைத்திருக்கிறது என்றும் கணக்கிடலாம். சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம். 94 செ.மீ. சுற்றளவு, 12 மீட்டர் உயரம், மர அடர்த்தி 0.6 (ஒரு கன செ.மீ. மரத்தில் 0.6 கிராம் உலர் எடை) என்றால் நிலத்துக்கு மேலுள்ள உலர் எடை சுமார் 350 கிலோ. அதை 0.47ஆல் பெருக்கினால் காபன் 165 கிலோ, அதை 3.67ஆல் பெருக்கினால் காபனீரொட்சைட்டு 600 கிலோ. காற்றடிக்கும் உச்சியில் மரங்கள் குட்டை. கீழ்நாட்டு மரத்தின் உயரத்தை நினைத்து எழுதினால் கணக்கு பொய்யாகும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுற்றி வாருங்கள். அடிக்கட்டை கண்டால் டேப்பை அதன் மேல் வைத்துப் படம் எடுத்து, திகதி, கொப்பியிலுள்ள மரத்தின் இலக்கம், ஜீபிஎஸ் புள்ளி எழுதி வன அலுவலகத்தில் கொடுங்கள். வெட்டிக்கொண்டிருக்கும்போது கண்டால் எதிர்கொள்ளப் போகாதீர்கள், பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழையுங்கள்.

லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) அடுப்புகளை மறந்தால் இதெல்லாம் வீண். விறகுக்கு வழி செய்யாமல் தடை போட்டால் வெட்டு இரவுக்கு மாறும், அவ்வளவுதான். கவ்வாத்துக் குச்சி (தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது விழும் குச்சி) எந்த மாதம் எந்த மலையில் கிடைக்கும் என்று தோட்டத்தோடு பேசி முடிவெடுங்கள். பட்டுப்போன பொந்து மரங்களை விறகாக்க வேண்டாம், பறவைகள் கூடு வைப்பது அவற்றில்.

தீ காட்டுக்குள் பரவாமலிருக்க, வெயில் மாதங்களுக்கு முன் காட்டோரத்து மானாப்புல்லை 20 அடி அகலத்துக்கு வெட்டுங்கள். வேரைப் பிடுங்கினால் அடுத்த மழையில் மண் இறங்கும். வெட்டிய புல்லை அங்கேயே விட்டால் அதுவே தீக்கு வழி, அகற்றிவிடுங்கள். வெற்றிடங்களில் பைனஸோ யூக்கலிப்டஸோ நடாதீர்கள். பறவைகள் போட்ட விதையில் முளைத்த கன்றுகளுக்கு அடையாளக் கம்பு நட்டு, அவற்றைச் சுற்றி மட்டும் புல் வெட்டினால் போதும்.