பளபளக்கும் எஞ்சினுக்கு அழுக்கேற்றுவது எப்படி? ஹெச்ஓ டீசல் லோகோவில் முதல் வெதரிங்

பெங்களூரிலிருந்து சென்னைப் பக்கம் ரயிலில் போய்வருகிற நம்மவர்களுக்குக் கிருஷ்ணராஜபுரம் டீசல் ஷெட் பழக்கமான பெயர். அந்தப் பக்கம் நிற்கும் எஞ்சின்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெயின்ட் அடித்துச் சில வாரம்தான் ஆகியிருக்கும், அதற்குள் கூரை கறுத்து, சக்கரப் பக்கம் பழுப்பேறி, எரிபொருள் தொட்டியில் எண்ணெய் வழிந்திருக்கும். நாம் ஆசையாக வாங்கி மேசைமேல் ஓடவிடும் ஹெச்ஓ அளவு மாடல் ரயில் எஞ்சின் மட்டும் எத்தனை வருடமானாலும் மின்னிக்கொண்டே இருக்கும். அந்த மினுக்கைக் குறைத்து, ஓடித் தேய்ந்த தோற்றத்தைக் கொண்டுவரும் வேலைக்குத்தான் வெதரிங் என்று பெயர்.

ஏர்பிரஷ், கம்ப்ரசர் எதுவும் வேண்டாம். இரண்டு பிரஷ், கொஞ்சம் அக்ரிலிக், கொஞ்சம் பேஸ்டல் பொடி, பளபளப்பைக் குறைக்கும் ஒரு மேட் ஸ்ப்ரே இருந்தால் போதும். அல்சூரிலோ ஃப்ரேசர் டவுனிலோ ஒரு சின்ன வாடகை வீட்டின் சாப்பாட்டு மேசையில் செய்துவிடக்கூடிய வேலைதான். ஸ்ப்ரே அடிக்க மட்டும் மாடி வேண்டும்.

விலை உயர்ந்த எஞ்சினில் ஆரம்பிக்காதீர்கள். பழைய வேகன் ஒன்றையோ, ஓடாமல் கிடக்கும் எஞ்சினின் மேல்கூட்டையோ எடுத்துப் பழகுங்கள்.

பெயின்டைத் தொடுவதற்கு முன்

புதிதாகச் செய்கிறவர்களின் எஞ்சின் ஏன் சேற்றில் முக்கி எடுத்த மாதிரி ஆகிவிடுகிறது தெரியுமா? அழுக்கை எல்லா இடத்திலும் ஒரே அளவில் பூசிவிடுகிறார்கள். நிஜத்தில் ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கும். காரணம் தெரிந்துவிட்டால், எந்த நிறம், எந்த இடம், எந்தத் திசை என்பதெல்லாம் தானாகவே தெரிந்துவிடும்.

அமெரிக்க ஆல்கோ நிறுவன வடிவமைப்பில் வந்த நம் ஊர் டீசல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962-இல் அமெரிக்காவிலிருந்து வந்து, பிறகு வாரணாசியில் தயாரான டபிள்யூடிஎம்-2 வகையும் அதன் வாரிசுகளும் கரும்புகைக்குப் பேர்போனவை. ஓட்டுநர் நாட்ச் (சக்தியைக் கூட்டும் படி) ஏற்றியதும் எரிபொருள் உடனே கூடிவிடும். டர்போ சார்ஜர் வேகம் பிடித்துப் போதுமான காற்றை அனுப்பக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த இடைவெளியில் டீசல் முழுதாக எரியாமல் கரியாக வெளியே வரும். அந்தக் கரி புகைக்கூண்டைச் சுற்றியும் அதற்குப் பின்பக்கக் கூரையிலும் படியும். அதனால் கூரையின் கறுப்பு ஒரே சீராக இருக்காது, புகைக்கூண்டில் அடர்ந்து போகப்போக மங்கும்.

கீழே வேறு கதை. வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் சக்கரத்தில் உரசும்போது உதிரும் இரும்புத் துகள் துருப்பிடித்துப் போகியில், அதாவது சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில், ஒட்டிக்கொள்ளும். போகிகள் கறுப்பாக இல்லாமல் சாக்லேட் பழுப்பாகத் தெரிவது இதனால்தான். சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் தூவும் மணல், மணல் குழாய் இருக்கும் பக்கம் வெளிறிய தூசியாகப் படியும். டீசல் ஊற்றும் வாய்க்குக் கீழே தொட்டியில் ஈரப் பளபளப்போடு கறுப்பு ஒழுகல் இருக்கும். பக்கச் சுவரில் மழைநீர் வழிந்த கோடுகள் மேலிருந்து கீழே மட்டும்தான் போகும். படிக்கட்டில் பூட்ஸ் உரசி பெயின்ட் போயிருக்கும். முன் கண்ணாடியை ஊழியர்கள் துடைத்துக்கொண்டே இருப்பதால், சுற்றியுள்ள எல்லாம் அழுக்கானாலும் அது தெளிவாக இருக்கும்.

ஒரே எஞ்சினை நாலைந்து கோணத்தில் படம்பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். படத்துக்காகத் தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். அனுமதியில்லாமல் ரயில்வே நிலத்துக்குள் நுழைவது ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவின்படி குற்றம்.

ஒரு கணக்கும் மனதில் இருக்கட்டும். ஹெச்ஓ என்பது 87-இல் ஒரு பங்கு. 17 மீட்டர் சொச்சம் நீளமுள்ள டபிள்யூடிஎம்-2 நம் கையில் சுமார் 20 சென்டிமீட்டர்தான் வரும். அதன்மேல் 1 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கோடு போட்டால் நிஜ எஞ்சினில் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் அகலக் கறை! எனவே மெல்லிய பிரஷ், அதைவிட மெல்லிய கை.

வாங்க வேண்டியவை

ஸ்டேஷனரி கடையில் கறுப்பு, பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), ரா சியன்னா (மஞ்சள் பழுப்பு), வெள்ளை ஆகிய நிறங்களில் அக்ரிலிக் டியூபும் அதே குடும்ப நிறங்களில் சாக்பீஸ் போன்ற சாஃப்ட் பேஸ்டல் குச்சியும் வாங்குங்கள். கேமல், ஃபெவிக்ரில் எல்லாம் இந்த வேலைக்குத் தாராளம். எண்ணெய்ப் பேஸ்டல் வேண்டாம், அது பொடியாகாது. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மேக்கப் ஸ்பாஞ்ச், ஐ-ஷேடோ பிரஷ் போன்றவற்றுக்கு கமர்ஷியல் ஸ்ட்ரீட் போனால் போதும். பொடி தடவ அவற்றைவிட நல்ல கருவி கிடையாது. மேட் வார்னிஷ் ஸ்ப்ரேயில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பிளாஸ்டிக் மாடலுக்கானது என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் விற்கும் மரத்துக்கான ஸ்ப்ரேயில் உள்ள தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடக்கூடும்.

படி 1: பிரித்து, கழுவி, மறைத்தல்

மேல்கூட்டைக் கழற்றி, மோட்டாரும் சக்கரமும் உள்ள சேசிஸைத் தனியே எடுத்து வையுங்கள். பொடி பல்சக்கரத்துக்குள் போனால் எஞ்சின் முனகும். கூட்டைப் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் பழைய டூத்பிரஷ்ஷால் மெதுவாகக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். கைரேகை எண்ணெய் இருக்கும் இடத்தில் பெயின்ட் பிடிக்காது. கண்ணாடிகளைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், முடியாவிட்டால் மாஸ்கிங் டேப்பை அளவாக வெட்டி ஒட்டுங்கள். அப்புறம் கூட்டை ஒரு மரக்கட்டைமேல் இருபக்க டேப்பால் நிறுத்திவிட்டால், கடைசிவரை கட்டையைப் பிடித்தே வேலை செய்யலாம்.

படி 2: மேட் கோட்

முகக்கவசம் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். ஓர் அடி தள்ளி நின்று, கையை நகர்த்திக்கொண்டே மெல்லிசாக இரண்டு கோட். வழவழப்பான பிளாஸ்டிக்கில் பொடி நிற்காது, இந்தக் கோட்டுதான் அதற்குப் பிடிமானம்.

பெங்களூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் மழை. ஜூனிலிருந்து அக்டோபர்வரை மாலையில் வானம் மூடிக்கொள்ளும்போது ஸ்ப்ரே அடித்தால், காற்றிலுள்ள ஈரம் வார்னிஷில் மாட்டிக்கொண்டு வெள்ளைப் பனி மூடியது போலாகிவிடும். வெயில் ஏறிய முற்பகல்தான் சரியான நேரம். ஒருவேளை வெளுத்துவிட்டாலும் பதற வேண்டாம். ஈரமில்லாத நாளில் இன்னொரு மெல்லிய கோட் அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

படி 3: நிறத்தை வெளுக்கச் செய்தல்

நம் வெயிலில் எந்த பெயின்ட்டும் நிறம் மங்கும். எஞ்சினின் நிறத்தோடு வெள்ளையைக் கலந்து, தண்ணீராகக் கரைத்து, அகலப் பிரஷ்ஷால் மேற்பகுதியில் ஒரு கை தடவுங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் போதும்.

படி 4: வாஷ் (நீர்த்த பெயின்டை இடுக்குகளில் ஓடவிடுதல்)

இந்தப் படியில்தான் எஞ்சினுக்கு உயிர் வரும். பொறுமையாகச் செய்யுங்கள்.

பர்ன்ட் அம்பரில் கொஞ்சம் கறுப்பு சேர்த்து, ஒரு பங்கு பெயின்டுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விடுங்கள். பதம் நீர்மோர் மாதிரி இருக்க வேண்டும். பாத்திர லிக்விடை ஒரு குச்சி நுனியால் தொட்டு அதில் கலக்குங்கள். இல்லாவிட்டால் நீர் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும், இடுக்குக்குள் ஓடாது. வெறும் கறுப்பை மட்டும் கரைத்துப் பூசாதீர்கள். சின்ன அளவில் அது கோடு வரைந்தது போல் உறுத்தும், பழுப்புக் கலந்தால்தான் கண் ஏற்கும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். எஞ்சின் அறைக் கதவுகளின் விளிம்பு, கிரில், ரிவிட் வரிசை, கைப்பிடி பொருந்துமிடம் ஆகியவற்றில் பிரஷ் நுனியால் தொட்டு விடுங்கள், நிறம் தானே இடுக்கில் ஓடிக்கொள்ளும். அரை நிமிடம் பொறுத்து, ஈரமாக்கிப் பிழிந்த காட்டன் பட்ஸால் மேலிருந்து கீழாக மட்டும் துடைத்தெடுங்கள். பக்கவாட்டில் ஒரு தடவை இழுத்தாலும் அந்தத் தடம் கடைசிவரை தெரியும். துடைத்த பின் கதவு இடுக்குகளில் கறுப்பு நிற்கும், சமதளத்தில் மெல்லிய பழுப்புத் திரை மட்டும் மிஞ்சும். கதவுகளுக்கு அப்போதுதான் ஆழம் வரும்.

அக்ரிலிக் காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. அதனால்தான் ஒவ்வொரு பக்கமாகச் செய்யச் சொல்கிறேன். காய்ந்ததை ஆல்கஹாலால் கரைக்கலாம், ஆனால் அது எஞ்சின்மேல் உள்ள நம்பரையும் எழுத்தையும் சேர்த்தே அழித்துவிடக்கூடும். கறுப்பு இங்க்கை ஆல்கஹாலில் கலந்து வாஷ் செய்யும் முறையும் உண்டு. சில மேட் வார்னிஷ்களோடு அது சேர்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும், எனவே முதல் எஞ்சினுக்குத் தண்ணீரே நல்லது.

படி 5: வழிந்த கோடுகள்

பழுப்பில் ஊசிமுனைப் புள்ளி ஒன்றை கிரில்லின் கீழ் விளிம்பிலோ, கூரை ஓரத்திலோ வையுங்கள். காய்வதற்குள் ஈரப் பிரஷ்ஷால் நேர் கீழே இழுங்கள். மேலே அடர்த்தியாகவும் கீழே கரைந்து மறைவதாகவும் வர வேண்டும். நீளம் ஒன்றுபோல் இருந்தால் கோடு கோடாகத் தெரியும், கூட்டிக் குறைத்துப் போடுங்கள். பக்கத்துக்கு நாலைந்து கோடு போதும் என்பது என் கட்சி. பத்துப் பன்னிரண்டு போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்த எஞ்சின்கள் எனக்கென்னவோ கழித்துப்போடக் காத்திருப்பவையாகத்தான் தெரிகின்றன.

படி 6: போகியும் சக்கரமும்

போகிச் சட்டத்துக்குப் பர்ன்ட் அம்பரும் கொஞ்சம் ரா சியன்னாவும் கலந்து, நீர்த்துப் பூசுங்கள். காய்ந்ததும் டிரை பிரஷ்: பிரஷ்ஷில் வெளிர் பழுப்பைத் தொட்டு, டிஷ்யூவில் கிட்டத்தட்ட முழுதும் துடைத்துவிட்டு, மிச்சமிருப்பதால் ஸ்பிரிங், ஆக்சில் பாக்ஸ் (சக்கர அச்சின் முனைப் பெட்டி) ஆகியவற்றின் மேடான விளிம்புகளை உரசுங்கள். அதுவரை கண்ணில் படாத ஸ்பிரிங் சுற்றுகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.

சக்கரத்தின் வெளிமுகத்தையும் இதே பழுப்பால் பூச வேண்டும். சாதாரண டிசி எஞ்சின் (டிஜிட்டல் கட்டுப்பாடு இல்லாதது) என்றால் சேசிஸை ஸ்பாஞ்ச்மேல் தலைகீழாக வைத்து, கன்ட்ரோலர் வயர்களைச் சக்கரங்களில் தொட்டு மெதுவாகச் சுற்றவிட்டு, பிரஷ் நுனியைக் காட்டினால் வட்டமாகப் பூசிக்கொள்ளும். தண்டவாளத்தைத் தொடும் பரப்பில் மட்டும் பெயின்ட் ஏறக்கூடாது, மின்சாரம் அது வழியாகத்தான் வருகிறது.

படி 7: புகைக்கரி

பேஸ்டல் குச்சியை பிளேடால் சுரண்டி ஒரு காகிதத்தில் பொடி செய்யுங்கள். கறுப்போடு துளி பர்ன்ட் அம்பர் சேர்த்தால் நிஜக் கரியின் நிறம் கிடைக்கும். பென்சில் கிராஃபைட்டைச் சுரண்டிப் பயன்படுத்தும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள், கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும்.

ஐ-ஷேடோ பிரஷ்ஷால் பொடியைத் தொட்டு, புகைக்கூண்டின் வாயில் குத்திக் குத்திப் பதியுங்கள். அங்கிருந்து கூரை நீளத்துக்கு மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். இரண்டு பக்கமும் ஓடும் எஞ்சின் என்பதால் முன்பக்கமும் கொஞ்சம் கரி இருக்கும், ஆனால் இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டாம். கூரையிலிருந்து பக்கச் சுவருக்கு இறங்கும் வளைவில் நிறுத்திவிடுங்கள். கீழ்ப்பகுதிக்கு மணல் நிறப் பொடி. நம் ஊர்ச் செம்மண் தூசி வேண்டுமென்றால் ரா சியன்னாவில் கொஞ்சம் துருச் சிவப்பு சேர்த்து, போகிக்கு மேலேயுள்ள விளிம்பில் லேசாகத் தட்டுங்கள்.

படி 8: பூட்டிவைத்தல்

பொடிமேல் மேட் ஸ்ப்ரே பட்டதும் பாதிக்குப் பாதி மறைந்தது போலிருக்கும். அதனால் பொடியை வேண்டியதைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டு, தூரத்திலிருந்து தூவல் போல அடியுங்கள். போதாத இடத்தில் மறுபடி பொடி, மறுபடி ஸ்ப்ரே.

பளபளப்பெல்லாம் இதற்குப் பிறகுதான். கறுப்போடு பளபளப்பு தரும் கிளாஸ் (gloss) வார்னிஷ் கலந்து, டீசல் ஊற்றும் வாய்க்குக் கீழே மெல்லிசாக ஓர் ஒழுகல், ஆக்சில் பாக்ஸில் ஒரு புள்ளி. மேட் பரப்பில் அந்த ஈரம் தனியாக எடுத்துக் காட்டும்.

படி 9: ஓடவிடுதல்

கூட்டைப் பொருத்தும் முன் சக்கரங்களை ஆல்கஹால் நனைத்த துணியால் சுத்தம் செய்யுங்கள். தண்டவாளத்தின் குறுக்கே துணியை விரித்து, ஒரு போகியைத் துணிமேலும் மற்றதைத் தண்டவாளத்திலும் நிறுத்தி ஓடவிட்டால், துணியில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும்வரை இடம் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், பிறகு மறுமுனையைத் துணிமேல் வையுங்கள். ஆல்கஹால் தீப்பிடிக்கும். துணி நனைந்திருந்தால் போதும், சொட்டக்கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

இனி எஞ்சினை எடுக்கும்போது கூரையைப் பிடிக்காதீர்கள், பொடிமேல் கைரேகை அப்படியே பதியும். எரிபொருள் தொட்டிப் பக்கம் பிடித்துத் தூக்குங்கள். எப்போதும் கைபடும் இடம் என்பதால் அங்கே மட்டும் வார்னிஷ் இன்னொரு கோட் அடித்துவிடுங்கள்.