சமநீதி குறித்துப் பள்ளி ஊழியர்களின் பார்வையைக் கேட்டறியும் முறை

"எல்லா மாணவர்களையும் சமமாக மதிக்கிறீர்களா?" என்று கேட்டால், அநேகமாக எல்லா ஊழியர்களும் 'ஆம்' என்றே எழுதுவார்கள். அது பொய்யும் அன்று. தம்மைப் பற்றி அவர்கள் மனதார நம்புவதே அதுதான். ஆகவே பள்ளியில் பணிபுரிவோரின் உண்மையான பார்வையை அறிய விரும்புகிறவர், நம்பிக்கையைக் கேட்பதை விட்டு, நடந்ததைக் கேட்க வேண்டும்.

அதே கேள்வியை இப்படி மாற்றலாம்: "கடந்த 30 நாட்களில், ஒரு மாணவரின் பேச்சையோ நிறத்தையோ குடும்பத்தின் வறுமையையோ சுட்டி ஆசிரியர் அறையில் யாராவது கேலி பேசக் கேட்டீர்களா? கேட்டபோது என்ன செய்தீர்கள்?" இதில் பின்பாதிதான் முக்கியம். பேசாமல் இருந்துவிட்டதாகப் பலர் எழுதினால், அதை அக்கறையின்மை என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. மூத்தவரை மறுத்துப் பேசும் துணிவு வராமலும் இருந்திருக்கலாம், அந்த இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு.

சமத்துவத்தையும் (எல்லோருக்கும் ஒரே அளவில் தருவது) சமநீதியையும் (அவரவர் தேவைக்கேற்பத் தருவது) ஒன்றாகக் கருதுகிறார்களா என்பதைத் தனியே சோதிக்க வேண்டும். பார்வைக் குறைபாடுள்ள மாணவி ஒருத்திக்குத் தேர்வில் கூடுதல் நேரம் தருவது சலுகையா, உரிமையா, மற்றவர்களுக்கு இழைக்கும் அநீதியா என்று கேட்டுப் பாருங்கள். கொள்கை விளக்கம் கேட்டால் கிடைக்காத தெளிவு இந்த ஒரு விடையில் கிடைக்கும். எந்தெந்த வேறுபாடுகளைப் பற்றிக் கேட்பது என்பதற்கு, 1989-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 2-ஆம் உறுப்பைப் பார்க்கலாம். இனம், நிறம், பாலினம், மொழி, சமயம், சமூகப் பின்னணி, சொத்து, உடற்குறை என அது வரிசைப்படுத்தியிருப்பதால், நமக்குச் சங்கடம் தரும் ஒன்றை நாமே விட்டுவிடாமல் இருக்க உதவும்.

ஆசிரியர்களை மட்டும் கேட்டு நிறுத்திவிடுவது பெருங்குறை. படிக்கத் தெரியாத ஒரு தாய் விண்ணப்பப் படிவத்தோடு வந்து நிற்கும்போது, அலுவலக எழுத்தர் நாற்காலியைக் காட்டுகிறாரா, "நாளைக்கு வாங்க" என்கிறாரா என்பதை வாயிற்காவலரும் துப்புரவுப் பணியாளரும்தான் நாள்தோறும் பார்க்கிறார்கள். எழுதத் தயங்குவோரிடம், பள்ளியைச் சேராத ஒருவர் வாய்மொழியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

படிவத்தில் பெயர் கேட்கவில்லை என்பதாலேயே அடையாளம் மறைந்துவிடாது. பாடம், பாலினம், பணியாண்டு மூன்றையும் கேட்டால், எழுதியவர் யார் என்பது சிறிய பள்ளியில் எளிதில் தெரிந்துவிடும். எனவே தேவையற்ற விவரங்களைக் கேட்காமல், 5 பேருக்கும் குறைவான பிரிவின் விடைகளைத் தனியே காட்டாமல் இருக்க வேண்டும். தலைமையாசிரியர் படிவங்களைத் தம் கையால் வாங்கவும் கூடாது.

விடைகள் வந்தபின் அவற்றைப் பதிவேடுகளோடு ஒப்பிடுங்கள். வகுப்பைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள் யார், விழா மேடைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் யார், முன்வரிசையில் அமர்பவர்கள் யார் என்ற கணக்கும் ஊழியர்களின் சொல்லும் முரண்படும் இடத்தில்தான் உரையாடல் தொடங்க வேண்டும். முடிவுகளைச் சில வாரங்களுக்குள் ஊழியர்களின் முன்வைத்து, மாற்ற வேண்டிய ஒரு நடைமுறையை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் அதே கேள்விகளை, ஒரு சொல்லும் மாற்றாமல் கேளுங்கள். வாசகம் மாறினால், மாறியது மனமா கேள்வியா என்று பிரித்தறிய முடியாது.